நாலாவது கல்லில் நின்ற வெயில்

கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று கிழக்கு லைன் தெரு இருபத்தேழாம் நம்பர் வீட்டுக்குள் வந்தது, வந்த வேலை முடிந்த பிறகும் கிளம்பாமல் நாலு நாள் அங்கேயே தங்கிவிட்டது. தெருவில் மொத்தம் நாற்பத்திரண்டு வீடு. மற்ற நாற்பத்தோரு வீட்டிலும் திங்கள் வந்தது, செவ்வாய் வந்தது, புதன் வந்தது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், குப்பை வண்டி வந்தது. இருபத்தேழில் மட்டும் பகல் பதினொன்றரை மணி வெயில் கூரையின் கண்ணாடி ஓடு வழியாக இறங்கி, அடுப்படித் தரையில் நாலாவது கல்லின் மேல் சதுரமாக விழுந்து, அப்படியே கிடந்தது. கல் நாலாவது என்பது உலகம்மாளுக்குத் தெரியும். மேற்குச் சுவரிலிருந்து வாசல்படி வரை பதினோரு கல், முப்பத்தெட்டு வருஷமாக அவள் துடைக்கிற கல்.

அவளுடைய புருஷன் ஆவுடையப்பன் மில்லில் டைம் ஆபீஸில் இருந்தவர். முப்பத்தோரு வருஷம் கேட்டில் நின்று, சங்கு ஊதி முடித்த மறு நிமிஷம் கேட்டைச் சாத்தியவர். பிந்தி ஓடி வந்தவனின் மூக்கு கம்பியில் இடித்தாலும் சாத்தியதைத் திறக்காதவர். ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு ஜூன் முப்பதாம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்கு மாலை போட்டு அவரை அனுப்பி வைத்தார்கள். ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்து, மாலையை ஆணியில் மாட்டிவிட்டு, "இனி எனக்கு எல்லா நாளும் ஞாயித்துக்கெழமைதான். ஏளா, ஒரு காபி போடு" என்றார். உலகம்மாள் போய்ப் போட்டாள். அவளுக்கும் ரிட்டயர்மென்ட் என்று ஒன்று வரவேண்டும் என்று அந்த வீட்டிலோ தெருவிலோ யாருக்கும் தோன்றவில்லை. அன்றைக்கு அவளுக்கே தோன்றவில்லை.

தடுமம் முதலில் பிடித்தது அவளைத்தான், வியாழக்கிழமை. வியாழனும் வெள்ளியும் தும்மிக்கொண்டே தோசை சுட்டாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே துணி துவைத்தாள், அது வெளியே பெய்கிற மழையைப் போல யாரும் கேட்க வேண்டாத ஒரு விஷயமாக வீட்டுக்குள் இருந்தது. சனிக்கிழமை காலையில் ஆவுடையப்பன் இரண்டு தரம் தும்மினார், உடனே வீட்டுக்குள் நோய் வந்துவிட்டது. மஃப்ளர் வந்தது, சாய்வு நாற்காலிக்குத் தலையணை வந்தது, மிளகு ரசம், சுக்குக் கஷாயம், வெந்நீர்ச் செம்பு என்று வரிசையாக வந்தன, எல்லாவற்றையும் கொண்டுவந்தவள் மூன்று நாள் தடுமத்தோடும் அடைத்துப்போன இரண்டு காதோடும் நடந்தாள்.

அந்தச் சனிக்கிழமைதான் தென்காசியிலிருந்து உலகம்மாளின் அக்காள் மகன் போன் பண்ணினான். வீட்டை விற்றாயிற்று, அம்மாவை ராய்ப்பூருக்கு என்னோடு கூட்டிக்கொண்டு போகிறேன், எழுபத்தோரு வயசு, இனி இந்தப் பக்கம் வருவாளா என்று சொல்ல முடியாது, வியாழக்கிழமை வண்டி அம்பாசமுத்திரத்தில் மத்தியானம் மூன்று பத்துக்கு நிற்கும், இரண்டு நிமிஷம். "சித்தி, அம்மா ஜன்னல் பக்கம்தான் உக்காந்திருப்பா" என்றான். அம்மா போனுக்கு வரவில்லை. வரமாட்டாள். பத்தொன்பது வருஷத்துக்கு முன் உலகம்மாளின் மகள் கல்யாணத்தில், மாப்பிள்ளை வீட்டாருக்கு முதலில் சந்தனக் கிண்ணத்தை நீட்டியது அக்காள் செண்பகவடிவு. நீட்ட வேண்டியவள் தன்கூடப் பிறந்த தங்கச்சி என்று ஆவுடையப்பன் மண்டபத்திலேயே குதித்தார். அவ இந்த வாசலை மிதிக்கப்படாது, நீ அந்த வாசலை மிதிக்கப்படாது என்றார். ஒரு கிண்ணம் சந்தனத்துக்குப் பத்தொன்பது வருஷம். உலகம்மாள் மிதிக்கவில்லை.

"வியாழக்கெழம நான் ஸ்டேஷனுக்குப் போறேன்" என்று சனிக்கிழமை சாயங்காலம் அவள் சொன்னாள்.

"பாப்போம்" என்றார் ஆவுடையப்பன்.

நாற்பத்து மூன்று வருஷத்தில் அவர் சொன்ன பாப்போம்களில் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்தவர் கிடையாது. ஆனாலும் இந்தத் தடவை போவது என்று அவள் முடிவு பண்ணியிருந்தாள். ஞாயிறு போனால் திங்கள், திங்கள் போனால் செவ்வாய், புதன், பிறகு வியாழன், மூன்று பத்து, இரண்டு நிமிஷம். விரலை மடக்கி வைத்துக்கொண்டுதான் படுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்குக் கிழவர் மூக்கைச் சிந்தத் துண்டு கேட்டு மூன்று தரம் கூப்பிட்டார். துண்டுகள் எல்லாம் கொடியில் ஈரமாகத் தொங்கின, உலகம்மாளுக்குக் காது அடைத்திருந்தது. அப்போது அவர் என்ன செய்தார் என்பது தெருவுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் சோறு வடித்தாள், சாப்பிட்டார்கள், அவர் தூங்கினார், எழுந்து காபி குடித்தார், சுவர்க் கடிகாரம் டக் டக்கென்று பன்னிரண்டு மணி நேரம் சுற்றி முடித்தது. வெயில் மட்டும் நாலாவது கல்லைவிட்டு நகரவில்லை.

திங்கள் காலை ஆறு மணிக்குப் பால்காரி பேச்சித்தாய் டி.வி.எஸ். ஃபிஃப்டியை வாசலில் நிறுத்திவிட்டு, தெருவில் பனியும் வீட்டுக்குள் உச்சி வெயிலுமாக இருப்பதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கிணற்றில் தண்ணீர் இருப்பதைப் பார்த்தவளைப் போல உள்ளே வந்தாள். கேட்டைத் தாண்டியதும் ஒரு கொட்டாவி விட்டாள். அடுப்படியில் வந்து உட்கார்ந்தாள், உட்கார்ந்த கை தானாக வெங்காயக் கூடையை இழுத்து உரிக்க ஆரம்பித்தது.

"எக்கா, ஒங்க வீட்டுல என்னமோ ஞாயித்துக்கெழம மாதிரி கெடக்கு."

"ஞாயித்துக்கெழமதான்" என்றாள் உலகம்மாள். "போவ மாட்டேங்கு."

அடுத்துப் பேப்பர் வந்தது. பேப்பர் போடுகிறவன் எறிந்தது திங்கட்கிழமைப் பேப்பர். கேட்டுக்கு மேலே பறக்கும்போதே உப்பி, உள்ளே விழும்போது நடுவில் வாரமலர் வைத்த ஞாயிற்றுக்கிழமைப் பேப்பராக விழுந்தது. உலகம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கடைக்குப் போய் இஞ்சி வாங்கலாம் என்று முன்வாசல் கேட்டைத் திறந்து தெருவில் காலை வைத்தாள். வைத்த கால் பின்வாசல் துவைகல் பக்கத்தில் இறங்கியது. திரும்பப் போனாள். திரும்ப வந்தாள். ஏழு தரம் போய் ஏழு தரமும் தன் வீட்டுக்கே வந்து சேர்ந்தாள். வெளியாள் வரலாம், போகலாம். வீட்டுக்காரர் இரண்டு பேருக்கும் வழி இல்லை. தென்காசிக்குப் போன் போட்டால், அது நேற்றைய ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் போய்ச் சேர்ந்தது. அக்காள் மகன் எடுத்து, "சித்தி, நேத்து சனிக்கெழமதான பேசுனோம்" என்றான்.

பேப்பர் வாசிக்க வந்தவர் மகராஜன், தெரு நலச் சங்கத்துச் செயலாளர், கூட்டுறவுக் கடையில் எடை போடுகிறவர். வேலைக்குக் கிளம்பிய சட்டையோடு வந்தார். உள்ளே வந்ததும் சட்டைப் பித்தான் மூன்றைக் கழற்றினார், பெஞ்சில் சாய்ந்தார், ஒன்றரை மணி நேரம் குறட்டை விட்டார். எழுந்து, "அண்ணாச்சி, ஒடம்பெல்லாம் கழுவிவிட்ட மாதிரி இருக்கு. மைனி, ஒரு காபி" என்றார். அவர் தெருவில் போய்ச் சொன்னார்.

திங்கட்கிழமை ஒன்பது பேர் வந்தார்கள், இருபத்திரண்டு காபி. செவ்வாய்க்கிழமை முப்பத்தொரு பேர், எழுபது காபி. இரவு ஷிப்டு பார்த்தவர்கள் தூங்க வந்தார்கள். இரண்டாம் நம்பர் வீட்டு வாத்தியார் பள்ளிக்கூடத்துக்கு மெடிக்கல் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுச் சீட்டுக் கட்டோடு வந்தார். செவ்வாய், வெள்ளி கவிச்சி தொடாதவர்கள் ஆட்டுக்கறியை வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்து, "இங்க ஞாயித்துக்கெழமதான மைனி, தோஷம் இல்ல" என்று அவள் கையில் கொடுத்தார்கள். ராகு காலத்தில் கையெழுத்துப் போட அஞ்சியவர் பத்திரத்தோடு வந்து, ராகு காலமே வராத பதினொன்றரை மணியில் நிதானமாகப் போட்டுவிட்டுப் போனார். தடுமம் யாருக்கும் ஒட்டவில்லை. உள்ளே இருக்கிற வரை லேசாக மூக்கை உறிஞ்சினார்கள், கேட்டைத் தாண்டியதும் அது கழன்று விழுந்துவிட்டது. வீட்டுக்காரர்களுக்கு மட்டும் அது குறையவும் இல்லை, முற்றவும் இல்லை. குறைவதற்கு மறுநாள் என்று ஒன்று வேண்டுமே.

ஓய்வெடுக்க வந்தவர்களை உலகம்மாள் எண்ணினாள். எல்லோரும் ஆண்கள். பெண்களும் வந்தார்கள்தான், சும்மா இருக்கலாம் என்றுதான் வந்தார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மேலே பட்டதும் அவர்கள் கால் நேராக அடுப்படிக்கு நடந்தது, கை அரிவாள்மணையைத் தேடியது, வாய் "இன்னைக்கு என்ன கொழம்பு" என்று கேட்டது. இரண்டு பேர் அரை மணியில் சுதாரித்து, "எங்க வீட்டுச் செவ்வாய்க்கெழம இதுக்குத் தேவலாம்" என்று ஓடிப்போனார்கள்.

ஒருவர் மட்டும் வேறு மாதிரி வந்தார். ஒன்பதாம் நம்பர் சொரிமுத்து அண்ணாச்சி. அவர் மனைவி திங்கட்கிழமை விடியக்காலம் தூக்கத்திலேயே போய்விட்டாள், அன்றைக்கே எடுத்தாயிற்று. செவ்வாய் மத்தியானம் அவர் வந்து அடுப்படிக் கதவோரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இந்த வீட்டு ஞாயிற்றுக்கிழமையில் அவள் இன்னும் சாகவில்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது. அவர் காபி கேட்கவில்லை. எழுபதில் கோபம் இல்லாமல் உலகம்மாள் ஆற்றிக் கொடுத்தது அந்த ஒரு டம்ளர்தான்.

செவ்வாய் சாயங்காலம் உலகம்மாள் வீட்டுக் கூடத்திலேயே சங்கக் கூட்டம் போட்டார்கள். எதனால் இப்படி என்று ஒருவர் பேச்சுக்குக் கேட்டார். ஆவுடையப்பன் மஃப்ளரைச் சரி பண்ணிக்கொண்டு, முறையாக விளக்கினார். துண்டு கேட்டேன், வரவில்லை. கைக்கு எட்டினது தினசரி காலண்டர். "ஞாயித்துக்கெழம முடியாம ஞாயித்துக்கெழமைத் தாளக் கிழிக்கப்படாது வே, அது மொற இல்ல. இந்த வீட்டுல நாளு முடியாம நான் ஒரு தாள் கிழிச்சதில்ல. அதனால அடியில கெடந்த தாள உருவி, அதுல சிந்துனேன்."

உலகம்மாள் அகப்பையோடு அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "அடியில கெடந்தது எந்தத் தாளு?"

"திங்க."

"அத என்ன செஞ்சிய?"

"சாக்கடையில போட்டேன். பெறவு, மூக்குச் சிந்துன தாளச் சட்டம் போட்டு மாட்டவா செய்வாக?"

கூடம் சிரித்தது. சிரித்தவர்களை அவள் எண்ணினாள், பதினொரு பேர். அகப்பைக் காம்பு உள்ளங்கையில் பதிந்தது. வாரத்துக்கு ஒரு திங்கட்கிழமை. அதன் பின்னால்தான் வியாழக்கிழமை வரிசையில் நின்றது. ஒரு துண்டு எடுக்க எழுந்து நாலு எட்டு வைக்க முடியாத மனுஷன், அவள் அக்காளிடம் போகிற வழியை உருவி எடுத்து மூக்கைச் சிந்தியிருக்கிறார், அதிலும் முறை தவறாமல் சிந்தியிருக்கிறார்.

வேறு திங்கட்கிழமைத் தாளை வைத்தால் இது போய்விடுமோ என்று மகராஜனுக்கு லேசான பயம் வந்து, தன் வீட்டுக் குப்பைக் கூடையிலிருந்து அந்தத் தாளை எடுத்துவந்து அண்ணாச்சி காலண்டரில் ஊசியால் குத்திப் பார்த்தார். குத்திய நிமிஷமே அது சிவப்பு எழுத்தில் ஞாயிறு என்று மாறிக்கொண்டது. எல்லோருக்கும் மூச்சு வந்தது. அதற்கு மேல் தீர்மானம் எழுதினார்கள்: இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயில் கிணறு மாதிரி தெருவுக்குப் பொது, ஆளுக்கு ஒன்றரை மணி நேரம், வாசலில் நேரம் பார்க்க அண்ணாச்சி. ஆவுடையப்பன் பெட்டியைத் திறந்து பழைய விசிலை எடுத்தார். ஒன்பது வருஷமாகத் தொய்ந்து கிடந்த அவர் முதுகு நிமிர்ந்ததை உலகம்மாள் பார்த்தாள்.

"வியாழக்கெழம நான் ஸ்டேஷனுக்குப் போவணும்" என்றாள், எல்லோர் முன்னாலும்.

"பாப்போம்" என்றார் அவர். "மொதல்ல இங்க வியாழக்கெழம வரட்டும்."

"மைனி," என்று மகராஜன் குரலைத் தாழ்த்தினார், "ரெண்டு நிமிஷத்துல என்ன பேசிரப் போறிய? இங்க ஒரு தெருவே மூச்சு விடுது. பெரிய மனசு பண்ணணும்."

பெரிய மனசு என்பது அந்தத் தெருவில் பெண்களிடம் மட்டும் கேட்கிற சாமான் என்று உலகம்மாள் நினைத்தாள்.

புதன்கிழமை அறுபத்து நாலு பேர், நூற்று நாற்பத்து மூன்று காபி. பக்கத்துத் தெருவிலிருந்தும் வந்தார்கள். கேட்டுக்கு வெளியே கறிக்கடைக்காரர் ஒரு மரமுட்டியைப் போட்டு வெட்ட ஆரம்பித்தார். நூற்று நாற்பத்து மூன்றாவது டம்ளரைக் கழுவி வைத்த பிறகு உலகம்மாளுக்கு வரிசையாக ஒன்பது தும்மல் வந்தது. ஒன்பதாவது தும்மலில் இடுப்பு விட்டுப்போய், கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு, ஆட்டுரலில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். பேச்சித்தாய் பால் ஊற்றிவிட்டுப் போய்விட்டிருந்தாள், வேறு பெண் ஒருத்தியும் அப்போது வீட்டுக்குள் இல்லை. பத்து நிமிஷம்கூட இருக்காது. கண்ணைத் திறந்தால் வெயில் ஐந்தாவது கல்லில் ஏறிக் கிடந்தது.

கூடத்திலிருந்து, "ஏளா, அடுப்புச் சத்தமே காணும்" என்றார் அவர். அவள் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். வெயில் அடிபட்ட பூனையைப் போலப் பின்வாங்கி நாலாவது கல்லில் உட்கார்ந்தது. அவள் அணைத்தாள், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வெயில் ஒரு விரற்கடை முன்னே வந்தது. பற்ற வைத்தாள். பின்னே போனது. மூன்று தரம் செய்து பார்த்தாள், மூன்று தரமும் கணக்குச் சரியாக வந்தது.

ஆக, இத்தனை பேர் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நின்றது ஆணியில் தொங்கிய தாளில் இல்லை. ஒருத்தி அடுப்படியில் நிற்கிற வரைதான் மற்றவர்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை. இதைக் கண்டுபிடிக்க நாற்பத்து மூன்று வருஷம் ஆயிற்று என்பதில்தான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அதிகக் கோபம் வந்தது, அது அவள் மேலேயே வந்த கோபம். யாரிடமும் சொல்லாமல் அன்றைக்கு ராச் சாப்பாடு வரைக்கும் ஒரு குறையும் வைக்காமல் சமைத்தாள்.

வியாழக்கிழமை கடிகாரத்தில் மணி ஒன்று. வீட்டுக்குள் முப்பத்தெட்டு ஆண்கள், அடுப்படியில் அவளைச் சேர்த்து ஆறு பெண்கள். உலகம்மாள் முதலில் கதவோரத்தில் இன்னும் எழாமல் உட்கார்ந்திருந்த சொரிமுத்துவிடம் போய்க் குனிந்தாள்.

"அண்ணாச்சி, நான் இத முடிக்கப் போறேன்."

சொரிமுத்து அவள் முகத்தைப் பார்த்தார். "முடிச்சிரும்மா" என்றார். "அங்க எம் பையன் பதினாறு நாள் காரியத்துக்குச் சாமான் லிஸ்ட் போடத் தெரியாம தனியா உக்காந்திருக்கான். எனக்கு எந்திரிக்க மனசு வரல. நீ எந்திரிக்க வச்சிரு."

அவள் அடுப்பின் இரண்டு திருகையும் அணைத்தாள், சிலிண்டர் வால்வையும் மூடினாள். பேச்சித்தாயின் கை அனிச்சையாகத் திருகுக்குப் போனது. உலகம்மாள் அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்து அழுத்தினாள். "எல்லாரும் தரையில உக்காருங்க. யாரும் ஒரு வெங்காயத்தக்கூடத் தொடப்படாது." ஆறு பெண்களும் அடுப்படித் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். சும்மா இருப்பது அத்தனை லேசாக இல்லை. கை அரித்தது, தோள் அரித்தது, ஒருத்திக்குக் கண்ணீரே வந்தது, இன்னொருத்தி ஒரு கையை மறு கையால் கட்டிப் பிடித்துக்கொண்டாள். வெயில் ஐந்தாவது கல்லுக்கு வந்தது.

கூடத்திலிருந்து விசில் கேட்டது. பிறகு ஆவுடையப்பனே வந்து நின்றார். "ஏளா, என்ன இது? சீட்டாடுதவங்களுக்குக் காபி."

"கெடையாது."

"கெடையாதுன்னா?"

"நான் ரிட்டயர் ஆயிட்டேன். ஒரு மணிக்கு."

பேச்சித்தாய் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மகராஜன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "மைனி, ஒரே ஒரு வட்டம் மட்டும். தெரு ஒங்கள மறக்காது" என்றார்.

"தெரு என்னைய நெனச்சது எப்ப, மறக்கதுக்கு?" உலகம்மாளின் குரல் தடுமத்தில் தகரத்தை இழுக்கிற மாதிரி வந்தது. "நாலு நாளு. முந்நூத்தி இருவது காபி, இன்னைக்குள்ள எம்பத்தஞ்சையும் சேத்து. எழுவது கிலோ வெங்காயம் உரிச்ச மாதிரி கண்ணு எரியுது. ஒங்கள்ல ஒருத்தராவது, மைனி ஒங்களுக்குத் தடுமம் எப்படி இருக்குன்னு கேட்டியளா? அவரு தும்முனா ஏழு பேரு விசாரிக்கிய. எந்திரிங்க. அவங்க அவங்க வியாழக்கெழமைக்குப் போங்க."

யாரும் எழவில்லை. வெயில் ஆறாவது கல்லில் இருந்தது. அப்போது ஆவுடையப்பனுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. தரையைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், கேட்டைச் சாத்துகிறவரின் பழைய வேகம் காலில் வந்தது. "காபிதான? அது என்ன பெரிய வித்தை. நானே போடுதேன்" என்று மேடைக்குப் போனார். அவர் ஒரு காபி போட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை பிழைத்திருக்கும். சிலிண்டர் வால்வைத் தேடவே அவருக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. மேல் தட்டில் முதல் டப்பாவைத் திறந்தார், வெந்தயம். இரண்டாவது, கடுகு. மூன்றாவது, பெருங்காயம், அவருடைய அடைத்த மூக்குக்கு அதுகூடத் தெரியவில்லை, ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுப் பார்த்து முகம் சுளித்தார். ஒன்பது டப்பா திறந்தார். முப்பத்தெட்டு ஆண்களும் அடுப்படி வாசலில் கூடி, அதுவாக இருக்கும், இதுவாக இருக்கும் என்று கை காட்டினார்கள்.

"காபித்தூள் எங்க?" என்றார் கடைசியில், திரும்பாமல்.

ஆறு பெண்களுக்கும் அது எங்கே என்று தெரியும். ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள். வெயில் எட்டாவது கல்லைத் தாண்டியது, ஒன்பது, பத்து, பதினொன்று, வாசல்படி ஏறி வெளியே போயிற்று. கூடம் இருண்டு வெளுத்தது. மறுபடி இருண்டு வெளுத்தது. கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான், நாலு ராத்திரியும் இடையில் கிடந்த பகல்களும் வரிசையாக அந்த வீட்டைக் கடந்து போயின. போகிற போக்கில் சட்டிக் குழம்பை நுரைக்க வைத்தன, பாலைத் திரிய வைத்தன, ஆவுடையப்பன் முகத்தில் நாலு நாள் தாடியை முளைக்க வைத்தன. சீட்டைக் கீழே போட்டுவிட்டு வாத்தியார் தலைமையாசிரியர் பேரைச் சொல்லிக்கொண்டே ஓடினார். மற்றவர்கள் அவர் பின்னால் ஓடினார்கள், ஓடும்போதே, கிழவி தெருவைக் கெடுத்துவிட்டாள் என்று திட்டிக்கொண்டு ஓடினார்கள். சொரிமுத்து எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, கடைசியாக நடந்து போனார்.

மணி இரண்டு நாற்பது. நாலு நாள் தடுமமும் ஒரே நேரத்தில் இளகி உலகம்மாளின் மூக்கிலிருந்து ஒழுகியது. முகம்கூடக் கழுவவில்லை. கேட்டைத் திறந்து காலை வைத்தாள், கால் தெருவிலேயே இறங்கியது.

"ஏளா," என்றார் ஆவுடையப்பன் பின்னாலிருந்து, கையில் வெந்தய டப்பாவோடு. "எப்ப வருவ?"

"பாப்போம்" என்றாள்.

பேச்சித்தாய் வண்டியில் இரண்டு பால் கேனுக்கு நடுவே ஒருக்களித்து உட்கார்ந்து, ஆறு கிலோமீட்டர். லெவல் கிராசிங் சாத்தியிருந்தது. வண்டி வருகிறது என்று அர்த்தம். அங்கேயே இறங்கி, தண்டவாளத்தின் ஓரமாகவே ஜல்லியில் நடந்தும் ஓடியும், பிளாட்பாரத்தின் சரிவில் அவள் ஏறும்போது வண்டி வந்து நின்றிருந்தது. ஐந்து பெட்டி தாண்டி ஆறாவது பெட்டியின் ஜன்னலில் செண்பகவடிவு இருந்தாள். தலை முழுக்க வெள்ளை. மூக்குத்தி மட்டும் பழையது. மகன், "அம்மா, சித்தி" என்றான். அக்காள் திரும்பிப் பார்த்துவிட்டு, முகத்தை நேராக வைத்துக்கொண்டாள்.

உலகம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். இளைத்தது. இரண்டு நிமிஷத்தில் பாதி அந்த இளைப்பிலேயே போயிற்று. பத்தொன்பது வருஷமாக மனசுக்குள் எழுதி வைத்திருந்த மன்னிப்பு எதுவும் வாய்க்கு வரவில்லை; வந்தது வேறு.

"அவரு மிதிக்கப்படாதுன்னாரு, அவரு எனக்குப் புருஷன், நான் கேட்டேன். ஒனக்கு அவரு யாருட்டி? நீ எதுக்குக் கேட்ட?"

அக்காளை வாடி போடி என்று அவள் பேசியது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. செண்பகவடிவின் மூக்குத்தி நடுங்கியது.

"மூக்கத் தொடச்சிட்டுப் பேசு" என்றாள். "நீ வருவ, வருவன்னு வெளக்குமாத்த வாசல்லயே வச்சிருந்தேன், வந்தா அடிக்கதுக்கு. வந்தியா நீ?"

"நீ வந்திருந்தா நான் வாங்கியிருப்பேன்ல?"

வண்டி ஊதியது. பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர ஆரம்பித்தது. உலகம்மாள் கம்பியை விடாமல் கூடவே நடந்தாள். இன்னும் ஒரு வார்த்தைகூடச் சரியாகச் சொல்லி முடியவில்லை.

"அங்க என்ன அணிவகுப்பா நடக்கு?" என்றாள் அக்காள். "ஏறுட்டி. திருநெவேலி வரைக்கும் ஒன்ன வச்சுக் கிழிக்கணும்."

மகன் கதவில் நின்று கையை நீட்டினான். அறுபத்து நாலு வயசில் ஓடுகிற வண்டியில் ஏறினாள், டிக்கெட் இல்லாமல், கையில் ஒரு பை கூட இல்லாமல், எதிரே உட்கார்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சந்தனக் கிண்ணத்திலிருந்து ஆரம்பித்தாள். கல்லிடைக்குறிச்சியில் அக்காள் குறுக்கிட்டாள். வீரவநல்லூரில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சேரன்மகாதேவியில் பக்கத்து சீட்டுக்காரர்கள் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனார்கள். பேட்டை தாண்டித் திருநெல்வேலியின் வெளிச் சிக்னலில் வண்டி நின்றபோது பத்தொன்பது வருஷத்தில் ஆறு வருஷத்துச் சண்டைதான் முடிந்திருந்தது. ராய்ப்பூர் வண்டிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது என்று மகன் சொன்னான். "போதாது" என்றார்கள் இரண்டு பேரும்.